மண்ணிலிருந்து மீண்ட பந்தய வண்டி

பழம்பொருள்களைப் பேணுவது நாகரிகமுடைய சமுதாயத்தின் அடையாளங்களுள் ஒன்று என்பர் பெரியோர். கோயிலையும் கல்வெட்டையும் ஓலைச்சுவடியையும் பேண வேண்டும் என்பதை நமக்கு எவரும் எடுத்துரைக்க வேண்டுவதில்லை. ஆயின், இயந்திரங்களும் வரலாற்றுச் சான்றுகளே என்பதை நாம் அத்துணை எளிதில் ஒப்புக்கொள்வதில்லை. ஓட்டம் நின்ற இயந்திரம் பழைய இரும்புக் கடைக்கே உரியது என்று எண்ணிவிடுகிறோம். பணிமனைகளையும் தொழிற்சாலைகளையும் நம்பிப் பிறந்த ஊரை விட்டு வந்து வாழும் குடும்பங்களாகிய நாம், இதுபற்றிச் சற்றே சிந்திப்பது தகும். அதற்குத் துணைபுரியும் வரலாறொன்று வேல்ஸ் நாட்டுக் கடற்கரையில் நிகழ்ந்தது. அதனை ஈண்டுச் சுருக்கமாகக் காண்போம்.

இங்கிலாந்தில், காண்டர்பரி நகருக்கு அண்மையிலுள்ள ஹைம் பார்க் என்னும் மாளிகையில் லூயி ஸ்பொரோவ்ஸ்கி என்ற செல்வர் வாழ்ந்தார். மோட்டார்ப் பந்தயத்தில் அவருக்கு அளவிறந்த ஈடுபாடு உண்டு. அவர்தம் தந்தையாரும் 1903-இல் பந்தயத்திலேயே உயிர் துறந்தவர். முதல் உலகப் போர் முடிந்தபின், போர் விமானங்களுக்கென அமைக்கப்பட்ட எஞ்சின்கள் பல வேலையின்றிக் கிடந்தன. அவற்றுள் ஒன்று அமெரிக்க நாட்டு ‘லிபர்ட்டி’ எஞ்சின். 1917-இல் ஒரு வாரத்திற்குள் அதன் அடிப்படை வரைபடங்கள் தீட்டப்பட்டன. பின்னர்ப் பல தொழிற்சாலைகளில் 20,000-க்கும் மேற்பட்டவை செய்யப்பட்டன. பன்னிரண்டு சிலிண்டர்களும் 27 லிட்டர் கொள்ளளவும் உடைய அவ்வெஞ்சினை ஒரு மோட்டார் வண்டியின் சட்டத்தில் ஏற்றினார் ஸ்பொரோவ்ஸ்கி. பழைய பென்ஸ் வண்டியொன்றின் பற்சக்கரப் பெட்டியையும் அதனுடன் பொருத்தினார். அப்பெட்டியிலிருந்து பின்சக்கரங்களுக்கு விசையைக் கொண்டு சென்றவை சங்கிலிகளே. இவ்வண்டி ‘ஹைம் ஸ்பெஷல்’ எனப் பெயர் பெற்றது. 1924 அக்டோபரில் இத்தாலி நாட்டு மோன்ஸா பந்தயத்தில் ஸ்பொரோவ்ஸ்கி மாண்டார். வண்டி ஆளின்றி நின்றது.

அதனை 125 பவுனுக்கு வாங்கியவர் ஜான் காட்ஃப்ரே பாரி தாமஸ். 1884-இல் வேல்ஸ் நாட்டு ரெக்ஸம் நகரில் பிறந்தவர். லேலண்ட் நிறுவனத்தின் தலைமைப் பொறியாளராக விளங்கியவர். பின்னர் புரூக்லண்ட்ஸ் பந்தயத் தடத்தின் அருகிலேயே குடியிருந்து பந்தய வண்டிகளை அமைத்தவர். பெரும் நிறுவனங்களின் பொருட்துணை பெற்றவர்களோடு போட்டியிட அவரிடம் இருந்தவை இப்பழைய வண்டியும் தம் பொறியியல் அறிவுமே. வண்டியைப் பிரித்தார், தாமே வரைந்த பிஸ்டன்களை இட்டார், நான்கு கார்புரேட்டர்களைப் பொருத்தினார், காற்றைக் கிழித்துச் செல்லும் வண்ணம் மேற்கூட்டைத் திருத்தினார். ‘பாப்ஸ்’ என்று அதற்குப் பெயருமிட்டார். பிறர் கைவிட்ட பழைய வண்டியைப் புதுக்கிய முதல் முயற்சி இதுவே எனலாம்.

வேல்ஸின் தென்பகுதியில் உள்ள பெண்டைன் கடற்கரை ஏறத்தாழ ஏழு மைல் நீளமுடையது. கடல் வற்றும் வேளையில் மணல் இறுகிச் சமதளமாகக் கிடக்கும். சாலைகளில் எய்த முடியாத வேகத்தை அங்கே எய்தலாம். ஒரு திசையில் மட்டும் ஓடினால் காற்றின் துணையும் கணக்கில் சேர்ந்துவிடும் ஆதலின், இரு திசைகளிலும் ஓடி அவற்றின் சராசரியையே சாதனையாகக் கொள்வது வழக்கம். மால்கம் கேம்பெல் அங்கே 1925-இல் மணிக்கு 150 மைலைக் கடந்தார். 1926 ஏப்ரலில் பாரி தாமஸ் பாப்ஸைச் செலுத்தி மணிக்கு 171.02 மைல், அதாவது ஏறத்தாழ 275 கிலோமீட்டர் வேகத்தை எய்தினார். 1927 பிப்ரவரி 4-ஆம் நாள் கேம்பெல் 174.88 மைல் வேகத்தில் சென்று அச்சாதனையை முறியடித்தார். இழந்த புகழை மீட்கக் கருதிய தாமஸ் மீண்டும் பெண்டைன் வந்தார். மார்ச்சு 3-ஆம் நாள், வண்டி கடுவிரைவில் சென்றுகொண்டிருந்தபோதே நிலைகுலைந்து உருண்டது. தாமஸ் அவ்விடத்திலேயே உயிர் நீத்தார். அப்போது அவருக்கு வயது 42.

அவர் உடல் புரூக்லண்ட்ஸுக்கு அண்மையிலுள்ள பைஃப்ளீட் தேவாலயத்தில் அடக்கம் செய்யப்பட்டது. வண்டியோ அக்கடற்கரை மணலிலேயே குழி தோண்டிப் புதைக்கப்பட்டது. உயிரைக் கொண்ட பொருளை மீண்டும் கண்ணால் காண ஒருவரும் விரும்பவில்லை போலும். சங்கிலி அறுந்து தாக்கியதே சாவுக்குக் காரணம் என்ற கூற்று எங்கும் பரவி நிலைபெற்றது.

ஆண்டுகள் சென்றன. அந்நிலப்பகுதி படைத்துறையின் ஆட்சிக்குட்பட்டது. பாங்கர் தொழில்நுட்பக் கல்லூரியில் விரிவுரையாளராக இருந்த ஓவன் வின் ஓவன் என்பார், அவ்வண்டியை வெளிக்கொணர வேண்டும் என்று உறுதி பூண்டார். படைத்துறையின் இசைவும் தாமஸின் உறவினர் இசைவும் வேண்டியிருந்தன. அவற்றைப் பெற்று, 1969-இல், புதைந்து 42 ஆண்டுகள் கழிந்தபின், பாப்ஸைத் தோண்டி எடுத்தார்.

ஈண்டு ஒரு வினா எழுகின்றது. துயரத்தால் புதைத்த பொருளைத் தோண்டுவது அறமாகுமா? ‘ஆகாது’ என்பார் கூற்றிலும் நியாயம் உண்டு. சாவின் நினைவைக் காட்சிப் பொருளாக்குவது இழிவு என்று அவர்கள் கருதுவர். ஆனால் உப்பு நீரும் மணலும் எவருக்காகவும் காத்திருப்பதில்லை. மேலும் சில பத்தாண்டுகள் கிடந்திருப்பின் துருவன்றி வேறெதுவும் எஞ்சியிராது. அம்மனிதரின் அறிவும் உழைப்பும் எவ்வுருவில் வெளிப்பட்டன என்பதற்கு நேர்ச்சான்றாக இருந்தது அவ்விரும்பு ஒன்றே. அது மட்கிப் போவதே அவருக்குச் செய்யும் மரியாதை என்று நம்மால் ஒப்ப இயலவில்லை. உற்றார் இசைவைப் பெற்ற பின்னரே மண்வெட்டியை எடுத்தமையால், ஓவன் செய்தது நேரிய செயலே என்பது நம் துணிபு.

எடுத்ததோ வண்டியன்று, வண்டியின் எச்சமே. 42 ஆண்டுகள் மணலில் கிடந்த வண்டியைச் செப்பனிடக் கைந்நூல் ஏதும் இல்லை. எப்பகுதியைத் தூய்மை செய்து மீளப் பயன்படுத்துவது, எப்பகுதியைப் புதிதாகச் செய்வது என்று ஒவ்வொன்றாக ஆராய்ந்து முடிவு செய்தல் வேண்டும். இப்பணியில் ஓவன் பத்தாண்டுகளுக்கும் மேலாக உழைத்தார். முடிவில் அவ்வெஞ்சின் மீண்டும் முழங்கிற்று; வண்டி தன் சக்கரங்களில் மீண்டும் ஓடிற்று.

இதனினும் பெரிய பயன் ஒன்றுண்டு. மீட்ட வண்டியை ஆராய்ந்தபின், சங்கிலி அறுந்ததே முதற்காரணம் என்ற பழைய கூற்று ஐயத்திற்கு உள்ளாயிற்று. பின்சக்கரம் ஒன்று முதலில் சிதைந்திருக்கலாம், சங்கிலி அறுந்தது அதன் விளைவாகலாம் என்ற கருத்து எழுந்தது. நாற்பது ஆண்டுகளாக ஊரார் வாய்ச்சொல்லாக நிலைத்ததை, ஊமையாய்க் கிடந்த இரும்பு மறுத்துரைக்க முற்பட்டது. ஏடுகள் கூறாததை இயந்திரம் கூறும் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

பழைய வண்டியையோ வேறு இயந்திரத்தையோ முதன்முறையாகச் செப்பனிட விழையும் நம் இளைஞர்களுக்கு இவ்வரலாற்றில் பாடம் உண்டு. திருப்புளியை எடுக்குமுன் அதன் வரலாற்றை அறிதல் வேண்டும். பிரிக்கும் ஒவ்வோர் உறுப்பையும் படம் எடுத்து, பெயரெழுதி வைத்தல் வேண்டும். பயன்படாது என்று கழித்த உறுப்பையும் எறியாது காத்தல் வேண்டும். முறிந்த இடமே உண்மையைச் சொல்லக் கூடும். பளபளப்பு ஏற்றுவதிலும் பொறுமையே முதன்மையானது. மெருகேற்றும் ஆர்வத்தில் சான்றைத் தேய்த்துவிட்டால், எஞ்சுவது அழகிய பொம்மையே அன்றி வரலாறு ஆகாது.

பாப்ஸ் பெண்டைனில் அமைந்துள்ள தரைவேக அருங்காட்சியகத்தின் பெருமைக்குரிய பொருளாக விளங்குகின்றது. புதைத்தவர் துயரத்தையும் எடுத்தவர் பொறுமையையும் ஒருங்கே தாங்கி நிற்கும் அவ்வண்டி, கைவினை அறிந்தார் அனைவர்க்கும் உரிய செல்வமாகும். நம் பட்டறைகளின் மூலைகளிலும் இத்தகைய செல்வங்கள் தூசு படிந்து கிடக்கலாம். அவற்றை இரும்பு விலைக்கு நிறுக்குமுன் ஒருமுறை உற்று நோக்குவோமாக.