ஓட்டமும் ஓய்வும்

ஜொகூர் மாநிலத்தின் சிகாமட் மாவட்டத்தில், இரயில் பாதையோரம் அமைந்த சிற்றூர் பெக்கோக். எண்டாவ் ரொம்பின் காட்டுக்குச் செல்லும் வாயில்களுள் ஒன்று. இத்தகைய ஊர்களைச் சூழ்ந்த இரப்பர்த் தோட்டங்களில் நம் முன்னோர் வாழ்ந்த வாழ்வை எண்ணிப் பார்ப்போம். கதிரவன் எழுமுன் விரைந்து மரம் சீவுவர். பால் வடியும்வரை சற்றே இளைப்பாறுவர். பின்னர் வாளி சுமந்து மீண்டும் விரைவர். அவ்வாழ்வு துன்பம் மிகுந்தது. அதனைப் போற்றுவது நம் நோக்கமன்று. எனினும், உழைப்பும் ஓய்வும் மாறிமாறி வருவது உடலுக்கு வலிமை தரும் என்பதை விளையாட்டுலகம் பிற்காலத்தில் ஆராய்ந்து அறிந்தது. அம்முறைக்கு இடைவெளிப் பயிற்சி என்று பெயர்.

1930களில் செருமனியின் பிரைபர்க் நகரில், பயிற்றுநர் கெர்ஷ்லரும் இதய மருத்துவர் ரைண்டலும் இதனை ஆராய்ந்தனர். ஓட்டத்தால் நாடித்துடிப்பு நிமிடத்திற்கு 180 வரை உயரவேண்டும். அது 120ஆகத் தணிந்ததும் அடுத்த ஓட்டம் தொடங்கவேண்டும். இதயம் வலுப்பெறுவது இடையில் வரும் ஓய்விலேயே என்பது அவர்தம் கொள்கை. பயிற்சிக்கு இடைவெளியின் பெயரே வாய்த்ததன் காரணம் இதுவே. கெர்ஷ்லரின் மாணவரான ஹார்பிக், 1939இல் மிலான் நகரில் 800 மீட்டரை 1 நிமிடம் 46.6 விநாடியில் ஓடி உலகச் சாதனை படைத்தார். அச்சாதனை 1955 வரை நிலைத்தது. செக் நாட்டு வீரர் சட்டோபெக், 400 மீட்டர் ஓட்டத்தைப் பன்முறை இடைவெளிவிட்டு ஓடிப் பழகியவர். 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் மூன்று தங்கம் வென்றார்.

ஓட்டக்களத்தில் நம்மவர் பெற்ற புகழும் சிறிதன்று. 1966இல் பாங்காக் ஆசிய விளையாட்டில் மணி ஜெகதீசன் மூன்று தங்கம் வென்றார். மகளிர் 400 மீட்டரில் மு. இராஜாமணி தங்கம் வென்றார்.

ஆயினும், இப்பயிற்சி வீரர்க்கே உரியதன்று. 1996இல் சப்பானிய அறிஞர் தபாட்டா தம் ஆய்வை வெளியிட்டார். 20 விநாடி முழுமூச்சான உழைப்பு, 10 விநாடி ஓய்வு என ஏழெட்டு முறை செய்த இளைஞர்தம் உடல்திறன் ஆறு வாரங்களில் உயர்ந்ததை அது காட்டிற்று. அதன்பின் தீவிர இடைவெளிப் பயிற்சி பொதுமக்களிடமும் பரவியது.

இஃது இன்று நமக்கு மிகவும் வேண்டப்படுவது. 2019ஆம் ஆண்டின் தேசியச் சுகாதார ஆய்வின்படி, மலேசியாவில் வயது வந்தோருள் 18.3 விழுக்காட்டினர் நீரிழிவு உடையவர். இனவாரியாக நோக்கின் இந்தியரிடையே அந்நோய் மிகுதி. தோட்டத்தை விட்டகன்ற உடல் உழைப்பையும் விட்டது, உணவோ குறையவில்லை. விரைந்து இயங்கும் தசைகள் குருதியிலுள்ள சர்க்கரையை எரிபொருளாக ஈர்த்துக்கொள்கின்றன. முதியோரும் நோயுற்றோரும் மருத்துவரைக் கேட்டே தொடங்குதல் வேண்டும். இளையோரும் படிப்படியாகவே வேகம் கூட்டவேண்டும்.

இதற்குப் பெருநகரமும் பொறிகளும் தேவையில்லை. பெக்கோக் போன்ற சிற்றூரின் பள்ளித் திடலும், ஆசிரியர் கையில் ஒரு கடிகாரமும் ஊதலும் போதும். அன்று வயிற்றுக்காக விரைந்தனர் நம் முன்னோர். அவர்தம் பெயரர் இன்று உடல்நலத்திற்காக விரையட்டும். விரைந்தபின் ஓய்வும் கொள்ளட்டும். ஓய்வும் பயிற்சியே என்பதை மாணவர்க்கு உணர்த்துவது ஆசிரியர் கடன்.