ஆக்கியோன் பெயர்

ஒரு சித்திரக்கதை திரைப்படமாகும்போது கதையில் என்ன மாறியது என்பதையே நாம் பெரிதும் பேசுகிறோம். அதனை ஆக்கியவர்களுக்கு என்ன நேர்ந்தது என்று கேட்பது குறைவு. சுப்பர்மானின் வரலாறு இரண்டையும் ஒருங்கே காட்டுவதால் அதனையே இன்று எடுத்துக்கொள்கிறேன்.

அமெரிக்காவின் கிளீவ்லண்ட் நகரில் பள்ளித் தோழர்களாயிருந்தவர்கள் ஜெரி சீகலும் ஜோ ஷுஸ்டரும். முன்னவர் எழுதினார், பின்னவர் வரைந்தார். 1938இல் 'அக்ஷன் கொமிக்ஸ்' முதலாம் இதழில் அவர்களது வீரன் தோன்றினான். 13 பக்கங்களுக்குக் கிடைத்தது 130 டொலர். அத்தோடு பாத்திரத்தின் உரிமை முழுவதும் பதிப்பாளரைச் சேர்ந்துவிட்டது.

தொடக்கத்தில் அவ்வீரன் பறக்கவில்லை; கட்டடங்களைத் தாவிக் கடந்தான். ஏட்டில் ஒரு கட்டத்துக்கும் அடுத்த கட்டத்துக்கும் இடைப்பட்ட வெளியை வாசகனின் கற்பனை நிரப்பிவிடும். திரையிலோ அசைவு முழுவதையும் காட்டியாக வேண்டும். 1941இல் பிளெய்ஷர் நிறுவனம் தொடங்கிய கார்ட்டூன் படங்களில் அவன் பறந்தான். 1948இல் வந்த தொடர்படத்தில் கேர்க் அலின் நடித்தார். ஆனால் பறக்கும் வேளையில் நடிகர் மறைய, வரைந்த உருவமே வானில் சென்றது. 1978இல் ரிச்சர்ட் டொனர் இயக்கிய படத்தில்தான் கிறிஸ்தோபர் ரீவ் காண்போர் நம்பும்படி பறந்தார். அதன் காட்சி நுட்பத்துக்குச் சிறப்பு ஒஸ்கார் விருதும் கிடைத்தது.

ஆக்கியோர் நிலை யாது? 1947இல் உரிமை கோரி வழக்குத் தொடுத்தனர். பயனாக, மறு ஆண்டே கதையிலிருந்து அவர்கள் பெயர்கள் நீக்கப்பட்டன. காலம் சென்றது. சீகல் எழுதுவினைஞராக வேலை பார்த்தார். ஷுஸ்டரின் கண்பார்வை மங்கியது. பெரும் செலவில் படம் வரப்போவதை அறிந்த சீகல் 1975இல் தம் நிலையைப் பகிரங்கப்படுத்தினார். ஓவியர்கள் நீல் அடம்ஸ், ஜெரி றொபின்சன் ஆகியோர் துணைநின்றனர். அவ்வாண்டு இறுதியில் வோர்னர் நிறுவனம் இறங்கிவந்தது: ஆளுக்கு ஆண்டொன்றுக்கு 20,000 டொலர் ஓய்வூதியம், பெயர்களும் மீளும். அதே படத்தில் சிறிது நேரமே தோன்றிய மார்லன் பிரண்டோவின் ஊதியம் 37 இலட்சம் டொலர் என்பதை இதனருகே வைத்துப் பார்க்கலாம்.

சிறப்புப்பாயிரம் கூறவேண்டிய எட்டினுள் ஆக்கியோன் பெயரையே நன்னூல் முதலில் வைக்கிறது. அது வெறும் மரபு அன்று, அறமும் ஆகும் என்பதே என் துணிபு. 1978ஆம் ஆண்டுப் படத்தின் தொடக்கத்தில் அவ்விரு பெயர்களும் சில விநாடிகளே தோன்றுகின்றன. அச்சில விநாடிகளுக்காக அவர்கள் கால் நூற்றாண்டுக்கு மேல் காத்திருந்தார்கள்.