ரோபோவுக்குப் பெயின்ட் அடிக்கச் சொல்லிக்கொடுத்தவர்கள்

பி.காம். படிக்கிறவனுக்கு ரோபோ எதற்கு என்று கேட்பீர்கள். எங்கள் பாப்பிரெட்டிப்பட்டிப் பக்கம் பத்தாவது முடித்துவிட்டு அடுத்து என்ன என்று நிற்கிறவர்கள் நிறைய. ரோபோ இயக்கக் கற்றுக்கொள்ள இப்போது ஐ.டி.ஐ.யிலேயே படிப்பு இருக்கிறது. இந்த வேலை எங்கிருந்து வந்தது என்று தேடிப் படித்தேன்.

தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்த முதல் ரோபோ யூனிமேட். ஜார்ஜ் டெவல் 1954-ல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். 1961-ல் அமெரிக்காவில், நியூஜெர்சியிலிருந்த ஜெனரல் மோட்டார்ஸ் ஆலையில் சூடான வார்ப்புத் துண்டுகளை எடுத்து வைத்தது. புரோகிராம் எழுத மொழி எதுவும் கிடையாது. அதன் கையை ஒவ்வொரு இடமாகக் கொண்டுபோய் நிறுத்தினால், காந்த உருளையில் பதிந்துகொள்ளும்.

எனக்குப் பிடித்தது நார்வே கதைதான். அங்கே டிரால்ஃபா என்று ஒரு கம்பெனி. தயாரித்தது நம்மூர்க் கட்டட வேலையில் மண் தள்ளிப் போவார்களே, அந்த ஒற்றைச் சக்கர வண்டி! பெயின்ட் புகையில் நின்று வேலை பார்க்க ஆள் கிடைக்கவில்லை. அதனால் 1960-களில் தாங்களே ஒரு ரோபோ செய்துகொண்டார்கள். பெயின்டர் அதன் கையைப் பிடித்து ஒரே ஒரு தடவை அடித்துக்காட்டுவார். மணிக்கட்டு எங்கே திரும்பியது, எங்கே வேகம் குறைந்தது, எல்லாம் பதிவாகிவிடும். அப்புறம் அது அடித்துக்கொண்டே இருக்கும்.

யோசித்தால் கொஞ்சம் சங்கடம். கூலி ஒரு நாளைக்கு, கைவாகு காலத்துக்கும் கம்பெனிக்கு. எங்கள் அக்கவுன்ட்ஸ் பாடத்தில் இதை எந்தத் தலைப்பில் எழுதுவது? :-)

பிறகு கம்ப்யூட்டர் வந்தது. ஸ்வீடனின் அசெயா கம்பெனி 1974-ல் மைக்ரோபிராசஸர் வைத்த ரோபோவை விற்றது. கையைப் பிடித்து இழுத்த இடத்தில் 'டீச் பென்டன்ட்' என்ற கைப்பெட்டி வந்தது. அதில் ஒரு பாதுகாப்பு சுவிட்ச் உண்டு. பாதி அழுத்தினால்தான் ரோபோ நகரும். விட்டாலும் நிற்கும், இறுக்கிப் பிடித்தாலும் நிற்கும். பயந்துபோன மனிதன் ஒன்று கையை விடுவான், அல்லது கெட்டியாகப் பிடிப்பான் அல்லவா? யாரோ நன்றாக யோசித்திருக்கிறார்கள்.

அதே அசெயா 1985-ல் டிரால்ஃபாவின் ரோபோ தொழிலை வாங்கியது. 1988-ல் இன்னொரு கம்பெனியோடு இணைந்து ஏ.பி.பி. ஆனது. 2021-ல் ஓலா எலக்ட்ரிக், பெயின்ட் அடிக்கவும் வெல்டிங் செய்யவும் ஏ.பி.பி. ரோபோக்களைத் தேர்ந்தெடுத்ததாக அறிவித்தது. எந்த ஊருக்கு? 2004 வரை எங்கள் தருமபுரி மாவட்டத்தில் இருந்த போச்சம்பள்ளிக்கு!

தமிழக அரசு டாடா டெக்னாலஜிஸுடன் சேர்ந்து 71 அரசு ஐ.டி.ஐ.க்களை 2,877 கோடி ரூபாய் திட்டத்தில் மேம்படுத்த இறங்கியது. 2023 ஜூலையில் ஒரகடத்தில் தொடக்க விழா. ரோபோ டெக்னீஷியன் படிப்புக்குப் பத்தாவது போதும், ஓராண்டு.

எனக்கு ஒரு சந்தேகம். ஸ்டார்ட் பட்டனை அழுத்துகிறவர் வேறு, ரோபோ போகும் பாதையைத் திருத்துகிறவர் வேறு. முதல் வேலைக்கு ஆளை எளிதாக மாற்றிவிடலாம். இரண்டாவதற்கு, ஸ்பிரே கன் எவ்வளவு கிட்டே போனால் பெயின்ட் வடியும் என்பதெல்லாம் கை அறிந்திருக்க வேண்டும். பென்டன்ட்டை மட்டும் ஓராண்டு பழகினால் அது வருமா? நார்வே பெயின்டர் ரோபோவின் கையைப் பிடிப்பதற்கு முன்பே அதைக் கற்றிருந்தார்.