கோலம் என்னும் சொல்: பொருளும் தோற்றமும்

தைப்பொங்கல் விடியலில் புளியங்குளத்து மனைகளில் முற்றங் கூட்டி, சாணத்தால் மெழுகி, அரிசிமாவினாற் கோலமிடுவர். இத்தீவின் தென்கரையில், அம்பலாங்கொடைப் பகுதியில், மரத்தாற் செய்த முகமூடி அணிந்தாடும் நாடகத்தையும் சிங்கள மக்கள் 'கோலம்' என்றே வழங்குகின்றனர். தரையில் இழைக்கும் கோடும் முகமூடி ஆட்டமும் ஒரே பெயர் பெற்றது எங்ஙனம் என்பது ஆராயத்தக்கது.

அகராதிகள் இச்சொல்லுக்கு அழகு, நிறம், உருவம், வேடம், அணி எனப் பல பொருள் கூறும். மேற்கொண்ட உருவம் என்பதே இவற்றை இணைக்கும் பொருளாகும். மணக்கோலம், தவக்கோலம், திருக்கோலம் என்னும் வழக்குகள் இதற்குச் சான்று. உருவின் ஒழுங்கு குலைந்தவிடத்து அதனை 'அலங்கோலம்' என்பர்.

சிலப்பதிகாரத்து வேட்டுவ வரியில் எயினர் தம் குலக் குமரி ஒருத்தியைக் கொற்றவையாக ஒப்பனை செய்கின்றனர். கூந்தலை நெடுமுடியாகக் கட்டி, பன்றிக் கொம்பைப் பிறையாகச் சூட்டி, புலிப்பல் மாலையும் புலித்தோலும் அணிவிக்கின்றனர். ஒப்பனை நிறைந்ததும் குமரி தெய்வமாகப் போற்றப்படுகிறாள். அணிக்கலையும் கூத்தும் வழிபாடும் பிரியாது நின்ற நிலை இது.

மலையாள நாட்டுப் படையணியிற் கமுகம்பாளையில் வண்ணந் தீட்டிச் சூடும் உருவங்கள் கோலம் எனப்படும். தெய்யத்தில் தெய்வ வேடம் பூணுதலைக் கோலங் கட்டுதல் என்பர். துளு நாட்டிற் பூதங்களுக்கு எடுக்கும் ஆட்டம் 'கோலா' ஆகும். அதே மலையாள நாட்டில், நிலத்தில் வண்ணப் பொடியால் தெய்வ உருவை வரைதல் 'களமெழுத்து' எனத் தனிப்பெயர் பெற்றுள்ளது. ஆதலின், தரைக்கோலத்தின் பெயரே பின்னர் ஆட்டத்துக்கு ஆயிற்று எனல் பொருந்தாது. உருக்கொள்ளுதல் என்னும் பொதுப்பொருளே இரு திசையிற் கிளைத்ததெனல் தகும்.

மகாசம்மத மன்னனின் தேவி கருவுற்றிருந்தபோது முகமூடி ஆட்டங் காண விழைந்தாள் என்றும், அதற்காக முகமூடிகள் தேவரருளால் அரச சோலையில் தோன்றின என்றும் தென்னிலங்கைக் கோலநாடகத்தின் தோற்றக்கதை கூறும். கதை சிங்கள மரபினது; பெயரோ தென்னாட்டு மொழிகளோடு உறவுடையது. ஒரு சொல் இரு மக்களின் கலையில் வாழ்தல் இதனாற் புலனாகும்.

2009 வரை நீடித்த போரில் வன்னி மண் அலங்கோலமுற்றது. இடம்பெயர்ந்து மீண்ட குடும்பம் ஒன்று முற்றம் மெழுகிக் கோலமிடுதல் வெறும் அழகுப்பணி அன்று. குலைந்த மனை தன் உருவை மீளக் கொள்ளுதலாகும். அச்சொல்லையே தென்கரையினரும் தமதெனப் போற்றுகின்றனர் என்பதை மாணவர் அறிதல் நன்று.