சாய்விருக்கை உடற்பயிற்சி மிதிவண்டி

சாய்விருக்கை உடற்பயிற்சி மிதிவண்டி என்பது முதுகைச் சாய்த்து அமர்ந்து, கால்களை முன்னோக்கி நீட்டி மிதிக்கும் வகையில் அமைந்த, இடம்பெயராத உடற்பயிற்சிக் கருவி ஆகும். அகன்ற இருக்கையும் முதுகுச் சாய்மானமும் உடல் எடையைப் பகிர்ந்து தாங்குகின்றன. இதனால் முதுகுவலி உடையோரும், முதியோரும், உடற்சமநிலை குறைந்தோரும் இதனை விரும்பிப் பயன்படுத்துகின்றனர்.

வரலாற்றுப் பின்னணி

இதே அமர்வு நிலை சாலை மிதிவண்டிகளில் முன்பே இருந்தது. பிரான்சு நாட்டின் சார்ல் மோசே வடிவமைத்த வெலோகார் வண்டியில் பிரான்சிசு ஃபோர் 1933 சூலை 7 அன்று பாரிசில் ஒரு மணி நேரத்தில் 45.055 கி.மீ. கடந்தார். 1934 இல் பன்னாட்டு மிதிவண்டி ஒன்றியம் இவ்வடிவத்தைத் தன் போட்டிகளிலிருந்து விலக்கியது. அவ்வண்டியின் வேகத்திற்குக் காரணம் குறைந்த காற்றுத்தடை. நகராத வீட்டுக் கருவியில் அந்நன்மைக்கு இடமில்லை. எஞ்சுவது அமரும் நிலையின் வசதி மட்டுமே. எனவே உடலுக்குப் பொருந்தாத கருவியை வாங்குவதில் பயனில்லை.

அளவுப் பொருத்தம்

இருக்கை தண்டவாளத்தில் முன்னும் பின்னும் நகரும். மிதிகட்டை மிகத் தொலைவில் இருக்கும்போதும் முழங்கால் சற்றே, ஏறத்தாழ 25 முதல் 35 பாகை வரை, மடங்கியிருக்க வேண்டும். இருக்கை மிக அருகில் இருந்தால் முழங்கால் அதிகமாக மடங்கி, முழங்காற்சில்லின் மீது அழுத்தம் கூடும். மிகத் தள்ளி இருந்தால் இடுப்பு பக்கவாட்டில் அசையும். வீட்டில் உயரம் வேறுபட்ட பலர் பயன்படுத்துவதாயின், மிகக் குட்டையானவரும் மிக நெட்டையானவரும் அமர்ந்து பார்த்த பின்னரே வாங்குதல் நன்று. முதியோருக்கு இருக்கையின் உயரமும் முக்கியமானது. தாழ்ந்த இருக்கையிலிருந்து எழுவது, மிதிப்பதைவிடக் கடினமாகிவிடும். சட்டத்தைத் தாண்டாமல் நடுவே நடந்து சென்று அமரும் அமைப்பு இவர்களுக்கு ஏற்றது.

தடை அமைப்பு

பெரும்பாலான கருவிகளில் சுழலும் உலோகச் சக்கரத்தின் அருகே காந்தம் உள்ளது. காந்தப்புலத்தில் சக்கரம் சுழலும்போது அதில் தோன்றும் சுழல் மின்னோட்டம் இயக்கத்தை எதிர்க்கிறது. உராய்வு இல்லாததால் ஓசையும் தேய்மானமும் குறைவு. குறைந்த வேகங்களில் இவ்வெதிர்ப்பு விசை வேகத்திற்கு நேர்விகிதத்தில் கூடுகிறது. ஆகவே காந்தத்தின் நிலையை மாற்றாமல் இரு மடங்கு வேகமாக மிதித்தால் ஏறத்தாழ நான்கு மடங்கு திறன் தேவைப்படும். "8 ஆம் நிலை" என்பது நிலையான உழைப்பு அளவன்று. இரு நிறுவனங்களின் 8 ஆம் நிலைகள் ஒன்றாக இருக்க வேண்டியதும் இல்லை.

விளம்பரங்கள் சக்கரத்தின் எடையைப் பெரிதுபடுத்துவதுண்டு. ஆனால் அதன் இயக்க ஆற்றல் வேகத்தின் இருமடியைப் பொறுத்தது. ஒரே அளவும் வடிவும் கொண்ட சக்கரங்களுள், இரு மடங்கு வேகத்தில் சுழலும் 5 கி.கி. சக்கரம், 20 கி.கி. சக்கரத்திற்கு ஈடான ஆற்றலைக் கொண்டிருக்கும்.

திரையில் தெரியும் எண்கள்

100 வாட் திறனில் 30 நிமிடம் மிதித்தால் செய்யப்படும் வேலை 180 கிலோஜூல், அதாவது ஏறத்தாழ 43 கிலோகலோரி. உடலின் திறன்விகிதம் 20 முதல் 25 விழுக்காடு எனக் கொண்டால், செலவாகும் ஆற்றல் 170 முதல் 215 கிலோகலோரி ஆகும். திறனை அளக்காமல் மிதிவேகத்தைக் கொண்டு மட்டும் கலோரி காட்டும் திரை வெறும் ஊகத்தையே தருகிறது.

வரம்புகள்

இப்பயிற்சியில் கால்கள் உடல் எடையைத் தாங்குவதில்லை. மூட்டுகளுக்கு இது ஆறுதல் எனினும், எலும்பு அடர்த்தியைப் பேண நடையும் தசை வலுவூட்டும் பயிற்சியும் தனியே தேவை. இதயநோய் உடையோர் மருத்துவர் கூறும் இதயத்துடிப்பு வரம்புக்குள் மிதிக்க வேண்டும்.