பார்சன்ஸ் குடும்பம் (ராஸ் பிரபுக்கள்)

பார்சன்ஸ் குடும்பம், அயர்லாந்தின் ஆஃபலி மாவட்டத்தில் உள்ள பிர் கோட்டையைத் தலைமுறை தலைமுறையாக உறைவிடமாகக் கொண்ட ஆங்கிலோ-ஐரிஷ் பிரபுக் குடும்பம். ஆங்கிலேயக் குடியேற்றக் காலத்தில் அயர்லாந்துக்கு வந்த லாரன்ஸ் பார்சன்ஸ் 1620இல் பிர் நிலங்களைப் பெற்றார். அதன்பின் ஊருக்குப் பார்சன்ஸ்டவுன் என்ற பெயரும் வழங்கியது. இவருடைய அண்ணன் வில்லியம் பார்சன்ஸ், 1640 முதல் 1643 வரை அயர்லாந்தின் ஆட்சிப் பொறுப்பை வகித்த இருவரில் ஒருவர். 1641 கிளர்ச்சி மூண்டதில் அவருடைய கடுமைக்கு எவ்வளவு பங்கு உண்டு என்பதில் வரலாற்றாசிரியர்கள் ஒருமித்த கருத்துக்கு வரவில்லை. 1690 போரில் பிர் கோட்டை தாக்குதலுக்கு உள்ளானது.

ராஸ் ஏர்ல் பட்டம் இருமுறை உருவாக்கப்பட்டது. 1718இல் அதைப் பெற்ற ரிச்சர்ட் பார்சன்ஸ் வில்லியமின் கிளையைச் சேர்ந்தவர். டப்ளின் ஹெல்ஃபயர் கிளப்பை நிறுவியவர்களுள் ஒருவராக இவரைச் சொல்வது வழக்கம். இவரைப் பற்றிய கதைகளில் பல பிற்காலச் சேர்க்கையாக இருக்கலாம். 1764இல் அந்தக் கிளை அற்றுப்போனது. 1806இல் பட்டம் பிர் கிளைக்கு வந்து, மறு ஆண்டே லாரன்ஸ் பார்சன்ஸைச் சேர்ந்தது. அயர்லாந்து நாடாளுமன்றத்தை பிரிட்டனுடன் இணைத்த 1800ஆம் ஆண்டுச் சட்டத்தை உறுதியாக எதிர்த்தவர் இவர்.

குடும்பத்தின் புகழ் பெரும்பாலும் இவர் மகன் மூன்றாம் ஏர்ல் வில்லியமைச் (1800–1867) சார்ந்தது. 1834 வரை நாடாளுமன்ற உறுப்பினராக இருந்த அவர், பிறகு முழு மனத்துடன் தொலைநோக்கி செய்வதில் இறங்கினார். பார்சன்ஸ்டவுனில் தேர்ந்த கருவித் தொழிலாளர்கள் இல்லை. ஊர் ஆட்களையே பழக்கினார். உலை மூட்டச் சுற்றுவட்டாரத்துச் சதுப்புநிலக் கரி உதவியது. 1842இல் செம்பும் வெள்ளீயமும் கலந்த உலோகத்தை உருக்கி, ஆறடி விட்டமுள்ள ஆடி வார்க்கப்பட்டது. இது ஏறத்தாழ மூன்று டன் எடை என்று சில குறிப்புகளும், நான்கு டன் என்று சிலவும் கூறுகின்றன. வார்த்த ஆடி திடீரென ஆறினால் விரிசல் விடும். அதனால் பல வாரங்கள் சூளைக்குள்ளேயே மெல்ல ஆறவிட்டு, பின்னர் நீராவி எந்திரத்தால் இயங்கும் பொறியில் தேய்த்து மெருகேற்றினார்கள். ஆடி விரைவில் மங்கும் என்பதால், ஒன்றை மெருகேற்றும்போது மாட்ட இன்னொன்றும் செய்யப்பட்டது. இந்த முறைகளை வில்லியம் மறைத்துவைக்கவில்லை; கட்டுரைகளாக வெளியிட்டார். அக்காலக் கருவி செய்வோரிடம் இது அரிய பெருந்தன்மை.

‘பார்சன்ஸ்டவுன் லெவியத்தான்’ என்று அழைக்கப்பட்ட அந்தத் தொலைநோக்கி 1845இல் இயங்கத் தொடங்கியது. மரக் குழாய், இரு உயரமான கற்சுவர்களுக்கு நடுவே சங்கிலிகளில் தொங்கியது. திறப்பு விழாவில் ஒரு பாதிரியார் விரித்த குடையுடன் குழாய்க்குள் நடந்து போனார் என்பது பலரும் எழுதிய செய்தி. குழாய் பக்கவாட்டில் சிறிதளவே திரும்பும் என்பதால், ஒரு வான்பொருளைச் சிறிது நேரமே பார்க்க முடிந்தது. பிர் வானத்தின் மேகமும் இடைஞ்சல். ஆயினும் அவ்வாண்டு வசந்தத்திலேயே, இன்று எம்51 எனப்படும் நெபுலாவின் சுருள் வடிவை வில்லியம் கண்டு வரைந்தார். அது நம் விண்மீன் மண்டலத்துக்கு வெளியே உள்ளது என்பது 1920களில்தான் உறுதியானது. எல்லா நெபுலாக்களும் விண்மீன்களின் திரளே என்ற அவருடைய எண்ணம் நிலைக்கவில்லை. நண்டு நெபுலாவுக்கு அப்பெயர் வந்தது அவர் முந்தைய மூன்றடி தொலைநோக்கியில் பார்த்து வரைந்த படத்தால்.

அதே 1845இல் உருளைக்கிழங்குப் பஞ்சம் தொடங்கியது. வானாய்வு பெரிதும் நின்றுபோய், ஏர்லின் கவனம் நிவாரணத்துக்குத் திரும்பியது. கோட்டை வளாகத்தில் நடந்த கட்டுமான வேலைகள் ஊராருக்குக் கூலி தந்தன.

தொலைநோக்கிச் செலவில் பெரும்பகுதி மனைவி மேரியின் (1813–1885) சீதனச் செல்வம். மேரி இங்கிலாந்தின் யார்க்‌ஷயரைச் சேர்ந்தவர். கணவரின் கருவியையும் குடும்பத்தாரையும் அவர் எடுத்த ஒளிப்படங்கள் எஞ்சியுள்ளன. கோட்டையில் அவருடைய இருட்டறை, போத்தல்களும் தட்டுகளும் கலையாமல் நெடுங்காலம் அப்படியே இருந்தது. அவருக்குப் பிறந்த பதினொரு குழந்தைகளில் நால்வரே வளர்ந்து ஆளாயினர்.

வில்லியமின் உறவினரான நுண்ணோக்கி ஆய்வாளர் மேரி வார்ட், 1869இல் பிர் தெருவில், வில்லியமின் மகன்கள் செய்த நீராவி வண்டியிலிருந்து விழுந்து இறந்தார். உலகின் முதல் மோட்டார் வண்டி விபத்து மரணமாக இது பெரும்பாலும் குறிக்கப்படுகிறது.

நான்காம் ஏர்ல் லாரன்ஸ் (1840–1908) நிலவின் வெப்பத்தை அளந்தார். அவர் தம்பி சார்ல்ஸ் (1854–1931), 1884இல் நீராவிச் சுழலியை உருவாக்கி, மின் உற்பத்தியையும் கப்பல்களையும் மாற்றினார். 1897இல் ஸ்பிட்ஹெட் கடற்படை அணிவகுப்பில் அவருடைய ‘டர்பினியா’ மணிக்கு 34 கடல்மைல் வேகத்தில் பாய்ந்து ஓடியது. பள்ளிக்கு அனுப்பாமல் தந்தையின் பட்டறையருகே வளர்த்தது அவருக்கு வாய்த்த பெரும் பேறு.

ஐந்தாம் ஏர்ல் 1918இல் போர்க் காயங்களால் இறந்தார். ஆறாம் ஏர்லும் மனைவி ஆனும் கோட்டைத் தோட்டத்தை வளர்த்தனர். ஏழாம் ஏர்ல் பிரெண்டன் காலத்தில், 1990களில், தொலைநோக்கி சீரமைக்கப்பட்டது. 2017இல் கோட்டை வளாகத்தில் ஐ-லோஃபார் வானொலி வானியல் நிலையம் திறக்கப்பட்டது.