13 ஜிபி அப்பா

கோலார் தங்கவயல் சுரங்கத்தை 2001 பிப்ரவரி 28-ல் மூடினார்கள். அடுத்த வருஷம் லீவில் ராபர்ட்சன்பேட்டை போனபோது அப்பாவை ஒரு மணி நேரம் மினிடிவி கேமராவில் பிடித்தேன். எடிட் செய்து முடித்தால் 13 ஜிபி! அந்த கோடெக் ஒவ்வொரு பிரேமையும் தனித்தனியாகத்தான் சுருக்கும். என் ஹார்ட் டிஸ்க்கோ மொத்தமே 20 ஜிபி.

ஊரில் பார்க்க விசிடிதான் வசதி. 1993-ல் வந்த அதற்கு எம்பெக்-1; படத்துக்கு நொடிக்கு 1150 கிலோபிட். ஒரு மணி நேரம் ஒரே சிடியில் அடங்கிவிடும். கண்ணை மூடிக்கொண்டு அதையே போட்டேன். டேப்பில் வேறு எதையோ பதிந்தும் தொலைத்தேன் (அறிவாளி!).

எம்பெக்-1 பெரும்பாலும் முந்தைய பிரேமிலிருந்து மாறியதை மட்டுமே எழுதும். வீட்டுத் திண்ணையில் அசையாமல் பேசும் அப்பா தெளிவாக இருக்கிறார். சயனைடு மேட்டில் நின்று, 3 கிலோமீட்டருக்கு மேல் ஆழமான சாம்பியன் ரீஃப் பக்கம் கை காட்டுகிறாரே, அங்கேதான் வினை. காற்றில் மண் பறக்க, ஒவ்வொரு துகளும் மாறிக்கொண்டே இருக்கிறது. பிட் போதாமல் அவர் முகம் சதுரம் சதுரமாகிவிட்டது. எக்ஸ்விட்டில் இரண்டு சிடியாகப் போட்டிருக்கலாம்.

அப்பா இப்போது இல்லை. போன வாரம் அந்த விசிடியை, 2003-ல் வந்த எச்.264-க்கு மாற்றினேன். சைஸ் பாதியானது. சதுரங்கள் பத்திரமாக இருக்கின்றன.